மலைத் தேயிலையும் இணையத்தளமும்: விற்பனைப் பக்கத்தில் தமிழ் செய்யவேண்டிய பணி

1. பொருளும் எல்லையும்

பொருள் செய்வோரும் பொருள் கொள்வோரும் நேரில் கண்டு பேசிய இடம் சந்தை. இன்று அவ்விருவரும் பெரும்பாலும் ஒரு கைப்பேசித் திரையில் சந்திக்கின்றனர். ஆங்கே விற்பவர் முகம் தெரிவதில்லை, குரல் கேட்பதில்லை, தேயிலையைக் கையில் அள்ளி முகர்ந்து பார்க்கவும் இயலுவதில்லை. சந்தையில் கண்ணும் மூக்கும் நாவும் செய்த வேலை முழுவதையும் திரையில் எழுத்தும் படமும் செய்யவேண்டியுள்ளன. ஆதலின், இணையத்தள வடிவமைப்பு என்பது கணினித் துறையார்க்கு மட்டும் உரிய பொருளன்று. மொழி கற்பிப்போரும் கற்போரும் அறிந்திருக்கவேண்டிய பொருளுமாகும்.

இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொள்ளும் வினா குறுகியது. பருகும் பொருள் ஒன்றைச் சிறிய அளவில் செய்து விற்போர்க்கு நல்ல இணையத்தளம் எவ்வாறு அமையவேண்டும்? அதில் தமிழுக்கு உரிய இடம் யாது? இதற்கு நாம் களமாகக் கொள்வது பகாங் மாநிலத்துக் கேமரன் மலை. அதிலும், வடபகுதியில் திரிங்காப்புக்கும் கம்போங் ராஜாவுக்கும் இடையே அமைந்த கோலா தெர்லாவும் அதனைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களும் ஆகும்.

1885ஆம் ஆண்டில் இம்மலையை அளந்து சென்ற வில்லியம் கேமரன் என்பவரின் பெயரே மலைக்கு நிலைத்தது. 1929இல் ஜே.ஏ. ரஸ்ஸல் என்பவர் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். 1933இல் பாரத் தேயிலை நிறுவனம் தோன்றியது. காடு திருத்தியதிலும் கன்று நட்டதிலும் கொழுந்து கொய்ததிலும் தமிழ்த் தொழிலாளரின் பங்கு மிகப் பெரிது. கொழுந்து, நிரை, கூடை, கங்காணி, கவ்வாத்து என ஒரு தொழிலின் சொற்றொகுதியே தமிழில் புழங்கியது. இன்று நிரைகளில் கொழுந்து எடுப்போருள் பலர் வேற்று நாடுகளிலிருந்து வந்தவர்கள். அவ்வுழைப்பாளர் குடும்பங்களின் பிள்ளைகளோ ஆசிரியர்களாகவும் வணிகர்களாகவும் அலுவலர்களாகவும் ஆகியுள்ளனர். எனினும், இம்மலையின் தேயிலையை உலகுக்கு எடுத்துக்காட்டும் இணையப் பக்கங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே அமைகின்றன. செய்யும் இடத்தில் வேலைமொழியாக இருந்த தமிழ், விற்கும் இடத்தில் காணப்படுவது அரிது. இவ்விடைவெளியை நிரப்ப வேண்டிய அறிவு யாது என்பதே நம் ஆய்வுப்பொருள்.

2. வருவோர் எதை அறிய வருகின்றனர்?

வடிவமைப்பு என்றவுடன் நிறமும் படமும் அசைவும் நம் மனத்தில் தோன்றுகின்றன. அவை பிற்பட்டவை. பக்கத்துக்கு வருகின்றவர் எந்தக் கேள்வியோடு வருகின்றார் என்பதே முற்பட்டது.

இதனைத் தெளிவாக உணர்ந்தவர்கள் மேலைநாட்டுச் சிறு பீர் ஆலையினர் எனலாம். 1976இல் கலிபோர்னியாவில் தொடங்கப்பெற்ற நியூ ஆல்பியன் ஆலை, பெருநிறுவனங்களுக்கு நடுவே சிறிய அளவில் பீர் வடித்து விற்க முடியும் என்று காட்டிய முன்னோடிகளுள் ஒன்று. அதன்பின் அத்தகைய ஆலைகள் ஆயிரக்கணக்கில் பெருகின. விளம்பரத்துக்குப் பெருஞ்செலவு செய்ய இயலாத அவர்களுக்கு இணையத்தளமே கடைமுகப்பாயிற்று. தேயிலைக்கும் பீருக்கும் என்ன தொடர்பு என வினவலாம். இலங்கையின் நுவரெலியாவில், தேயிலை வளர்ந்த அதே மலையில், பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பீர் ஆலையும் தோன்றிவிட்டது என்பது ஒருபுறம் இருக்க, இரண்டும் ஒரே தன்மையுடைய சரக்குகள். இரண்டிற்கும் மூலப்பொருள் விளைபொருள். இரண்டிலும் செய்முறையே சுவையை நிறுவுகின்றது. இரண்டிலும் வகைகள் பல. இரண்டையும் அருந்திப் பார்க்காமல் முற்றும் அறிய இயலாது. ஆதலின் ஒன்றன் பட்டறிவு மற்றொன்றுக்கு உதவும்.

நன்கு அமைந்த சிறு பீர் ஆலைத் தளங்களைப் பார்த்தால் ஐந்து செய்திகள் தேடாமலே கிடைக்கும். இப்பொழுது என்னென்ன வகைகள் உள்ளன? ஒவ்வொன்றும் எவ்வாறு சுவைக்கும். அதன் வலிமை எவ்வளவு? எங்கே கிடைக்கும்? ஆலைக்கு நேரில் வரலாமா, எந்நாளில், எந்நேரத்தில்? யார் இதைச் செய்கின்றனர்? இவ்வைந்துக்கும் விடை கூறிய பின்னரே ஆலையின் வரலாறும் உரிமையாளரின் கனவும் இடம்பெறுகின்றன.

இவ்வைந்தையும் கோலா தெர்லாவுக்குக் கொண்டுவருவோம். ஈப்போவிலிருந்து சிம்பாங் பூலாய் வழியாக மலையேறும் ஒரு குடும்பம், வண்டியில் இருந்தவாறே கைப்பேசியில் தேடுகின்றது. அவர்கள் வேண்டுவது: தேயிலைக்கடை இன்று திறந்திருக்கின்றதா, வண்டி நிறுத்த இடம் உண்டா, தொழிற்கூடத்தைப் பார்க்கலாமா என்பனவே. கோலாலம்பூரில் இருந்து வாங்க விரும்பும் ஒருவர்க்கு வேண்டுவது வேறு: பொதி எத்தனை கிராம், விலை என்ன, அஞ்சற்செலவு எவ்வளவு, எத்தனை நாளில் வரும் என்பன. முகப்புப் பக்கத்தில் பனிமூட்டம் படர்ந்த மலையின் படம் மட்டும் முழுத்திரையையும் நிறைத்து நிற்க, திறக்கும் நேரம் நான்காம் பக்கத்தின் அடியில் கிடப்பின், அழகு இருந்தும் பயன் இல்லை. முகப்பின் மேற்பகுதியிலேயே நேரம், இடம், தொலைபேசி எண், வகைகள், வாங்கும் வழி ஆகியவை அமைவது முதல் விதி.

மலைப்பகுதிக்கு மற்றொரு சிறப்புத் தேவையும் உண்டு. மழைக்காலத்தில் மண்சரிவால் சாலை மூடப்படுவது இங்குப் புதிதன்று. அன்றைய நிலையை ஒரு வரியில் அறிவிக்கும் இடம் முகப்பில் இருப்பின், அவ்வொரு வரிக்காகவே மக்கள் அத்தளத்தை நம்பி மீண்டும் வருவர்.

3. எழுத்து எழுத்தாக இருத்தல்

தமிழில் பக்கம் அமைக்க முற்படுவோர் முதலில் அறியவேண்டியது, திரையில் தெரியும் எழுத்து வேறு, கணினியினுள் இருக்கும் எழுத்து வேறு என்பதாகும். இதனை விளங்கிக்கொள்ளச் சிறிது வரலாறு தேவை.

1980களின் நடுவிலேயே மலேசியாவில் முத்து நெடுமாறன் முரசு என்னும் செயலியை உருவாக்கினார். 1995இல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமியின் முயற்சியால் தமிழ்க் கவிதைகள் இணையத்தில் ஏறின. 1997இல் சிங்கப்பூரிலும் 1999இல் சென்னையிலும் தமிழ் இணைய மாநாடுகள் கூடின. 2001இல் கோலாலம்பூரும் அம்மாநாட்டை ஏற்று நடத்தியது. இவற்றில் இடைவிடாது பேசப்பட்ட சிக்கல், ஒவ்வோர் எழுத்துருவும் வெவ்வேறு குறியேற்றத்தைப் பின்பற்றியமையாகும். ஒருவர் எழுதிய தமிழ், அதே எழுத்துரு இல்லாத மற்றொருவர் கணினியில் பொருளற்ற குறிகளாகத் தோன்றியது. 1991இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றிருந்தும், கணினிகளும் உலாவிகளும் அதனை முறையாகக் காட்டுவதற்குப் பல ஆண்டுகள் பிடித்தன. இன்று அச்சிக்கல் பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. ஒருங்குறியில் எழுதிய தமிழ், எந்தக் கைப்பேசியிலும் தெரியும், தேடினால் கிடைக்கும், எடுத்து ஒட்டலாம், பார்வையற்றோர்க்குத் திரைவாசிப்பான் படித்துக் காட்டும்.

இத்தனை உழைப்பால் கிட்டிய வசதியை ஒரு பழக்கம் வீணாக்குகின்றது. அழகிய எழுத்துருவில் அமைத்த தமிழ் வரியைப் படமாக்கி ஒட்டிவிடுதலே அது. படத்தினுள் இருக்கும் தமிழ் கண்ணுக்கு மட்டுமே எழுத்து. தேடுபொறிக்குப் பொதுவாக அது வண்ணப்புள்ளிகளின் கூட்டம். திரைவாசிப்பானுக்கு அது வெற்றிடம். விலைப்பட்டியலையும் திறக்கும் நேரத்தையும் சுவரொட்டிப் படமாக ஏற்றிவிட்டு, எம் பக்கத்தைத் தமிழில் தேடினால் வருவதில்லையே என்று வருந்துவதில் பயனில்லை. படம் இன்றியமையாததாயின், அதன் செய்தியை மாற்றுரையாகப் படத்தோடு இணைத்து எழுதவேண்டும்.

இதனோடு, பக்கத்தின் மொழி தமிழ் என்று உலாவிக்கு அறிவிக்கும் குறியையும் பக்கத்தின் தலைப்பகுதியில் இடவேண்டும். இது ஒருவர் கண்ணுக்கும் தெரியாத சிறு குறிதான். ஆயினும், திரைவாசிப்பான் தமிழ் ஒலிப்பில் படிக்கவேண்டுமென அறிவதும், உலாவி இதனை வேறு மொழியென மயங்காதிருப்பதும் இக்குறியால் எளிதாகின்றன.

4. சொற்றேர்வு

எழுத்துச் சிக்கல் தீர்ந்த பின் சொற்சிக்கல் எழுகின்றது. இதுவே மொழியாசிரியர்க்கு உரிய களம்.

ஊரின் பெயரிலிருந்தே தொடங்கலாம். கோலா தெர்லா, கோல தெர்லா, குவாலா தெர்லா என ஒரே ஊர் தமிழில் பலவாறு எழுதப்படுகின்றது. கேமரன் மலை, கேமரன் மலைநாடு, கேமரன் ஹைலண்ட்ஸ் என்பவும் அவ்வாறே. தேடுபவர் எவ்வடிவத்தை இடுவார் என்பது தெரியாது. எனவே, தளம் முழுவதும் ஒரு வடிவத்தையே சீராக ஆளவேண்டும். மற்ற வழக்குகளை ‘எங்களை அடையும் வழி’ என்னும் பக்கத்தில் ஒருமுறையேனும் குறிப்பிடவேண்டும். ஒரே பக்கத்தில் மூன்று வடிவங்களை மாறி மாறி எழுதுவது படிப்போரை மயக்கும்.

அடுத்து, பொருளின் பெயர். இலக்கிய நடையில் தேநீர் என்போம். தோட்டத்து வழக்கில் தேத்தண்ணி என்பர். கடையில் தேயிலைத்தூள் என்றோ டீத்தூள் என்றோ கேட்பர். விற்பனைப் பக்கத்தில் தலைப்பு செந்தமிழில் இருப்பது தகும். ஆனால் விளக்கவுரையில் மக்கள் வழங்கும் சொல்லும் இடம்பெறவேண்டும். தேடுவோர் தம் வாய்ச்சொல்லையே தட்டச்சு செய்வர்.

மூன்றாவது, பொருள் மயங்கும் சொற்கள். ‘பச்சைத் தேயிலை’ என்று எழுதினால், அது கிரீன் டீ எனப்படும் பதப்படுத்திய வகையா, செடியிலிருந்து கொய்த பச்சைக் கொழுந்தா என்ற ஐயம் தோட்டத்துத் தமிழர்க்கு எழும். ‘கறுப்புத் தேநீர்’ என்பது ஒருவர்க்குக் கருந்தேயிலை வகையையும், மற்றொருவர்க்குப் பால் சேர்க்காத தே ஓவையும் குறிக்கும். இத்தகைய இடங்களில் புதுச்சொல் படைப்பதைவிட ஒரு வரி விளக்கம் தருவதே நலம்.

நான்காவது, தரப்பெயர்கள். தேயிலைத் தரங்களுள் ஒன்றாகிய ஆரஞ்சு பீக்கோ என்பதில் ஆரஞ்சுப் பழம் இல்லை. அது இலையின் அளவையும் நிலையையும் குறிக்கும் வணிகப் பெயர். இதை விளக்காமல் விட்டால், பழச்சுவை எதிர்பார்த்து வாங்கியவர் ஏமாற்றம் அடைவார். டஸ்ட் என்னும் தரமோ மிக நுண்ணிய துகள்களைக் குறிப்பது. விரைவில் சாயம் இறங்குவதால் பாலும் சர்க்கரையும் சேர்த்து ஆற்றும் தேநீருக்கு அது மிகவும் ஏற்றது. தானியங்கி மொழிபெயர்ப்பு அதனைத் ‘தூசி’ ஆக்கிவிடக்கூடும். தூசி விற்கும் கடையில் யார் வாங்குவர்? ‘நுண்தூள்’ என்று எழுதினால் பொருளும் விளங்கும். சரக்கின் மதிப்பும் குறையாது. இவ்வாறே முகப்பைக் குறிக்கும் ஹோம் என்பது ‘வீடு’ எனவும், வாங்கும் பொருள்களை இட்டுவைக்கும் கார்ட் என்பது ‘மாட்டுவண்டி’ எனவும் மாறுவதுண்டு. தமிழறிந்த ஒருவர் ஒருமுறை படித்துப் பார்த்திருந்தால் இவை திருத்தப்பட்டிருக்கும்.

ஐந்தாவது, வருணனை. ‘மலையன்னை மடியில் மலர்ந்த மரகத அமுதம், ஒவ்வொரு துளியிலும் உன்னத இன்பம்’ என்று எழுதுவது எளிது. ஆனால் அவ்வரியை எந்தத் தேயிலைக்கும், ஏன், எந்தத் தேனுக்கும் ஒட்டலாம். வாங்குவோர் அறியவேண்டியது எதுவும் அதில் இல்லை. இதற்கு மாறாக, பின்வருமாறு ஒரு விளக்கத்தை மாதிரியாகக் கொள்ளலாம்: ‘கேமரன் மலையில் கொய்த கொழுந்தை வாட்டி, உருட்டி, காற்றில் பதமாக்கி உலர்த்திய கருந்தேயிலை. நுண்தூள் ஆதலால் சாயம் விரைவில் இறங்கும்; பால் சேர்த்து அருந்த ஏற்றது. ஒரு கோப்பைக்கு ஒரு தேக்கரண்டி; கொதிநீரில் மூன்று நிமிடம். 250 கிராம். காற்றுப் புகாத கலத்தில், ஈரமில்லாத இடத்தில் வைக்கவும்.’ இதில் அணியொன்றும் இல்லை. ஆயினும் படிப்பவர் மனத்தில் ஒரு கோப்பை உருவாகின்றது. செய்முறை, தன்மை, பயன், அளவு, காப்பு என்னும் ஐந்தும் ஒழுங்காக அமைந்தமையே அதற்குக் காரணம்.

இங்கு ஒரு குறிப்பு. கருந்தேயிலை செய்முறையில் இலை கருஞ்சிவப்பாக மாறும் படிநிலையை நெடுங்காலமாக ‘நொதித்தல்’ என்றே தொழிலில் வழங்கினர். உண்மையில் அங்கு முதன்மையாக நிகழ்வது ஆக்சிஜனேற்றம். பீர் செய்வதில்தான் ஈஸ்டினால் நொதித்தல் நிகழ்கின்றது. பழைய வழக்கை ஆள்வதாயினும், இலையில் சாராயத்தன்மை உண்டோ என்ற ஐயம் எழாதவாறு விளக்கி எழுதுதல் கடமை. நாட்டின் மக்களுள் பெரும்பாலோர் மதுவை விலக்கியவர்கள் என்பதால் இது வெறும் சொல்லாய்வு அன்று. வாங்குவோரின் நம்பிக்கையைச் சார்ந்தது.

5. தோற்றமும் விரைவும்

தமிழெழுத்துக்கு உரிய உருவ இயல்புகள் சில உண்டு. ஆங்கிலப் பக்கத்துக்கென வகுத்த அளவுகளில் தமிழை அப்படியே இட்டால் அவை இடருகின்றன. கீ, நீ போன்றவற்றில் மேல்விலங்கும், மு, மூ போன்றவற்றில் கீழ்விலங்கும் வருகின்றமையால், வரிக்கும் வரிக்கும் இடையே கூடுதல் இடைவெளி வேண்டும். தமிழ்ச் சொற்கள் ஒட்டுநிலை இயல்பால் நீளமானவை. ஆகையால் பொத்தானின் அகலம் சொல்லுக்கேற்ப விரியுமாறு அமையவேண்டும். இல்லையேல் ‘வாங்குவதற்கு’ என்பது ‘வாங்குவத’ என்று அறுந்து நிற்கும். ஆங்கிலத்தில் அழகுக்காக எழுத்துகளை விலக்கி வைப்பர். தமிழில் அவ்வாறு செய்தால் ‘கொ’ என்பதன் கொம்பும் காலும் தனித்தனியே பிரிந்து தோன்றக்கூடும். ஆங்கிலத்தில் பெரிய எழுத்தால் அழுத்தம் தருவர். தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பாகுபாடு இல்லை. தடித்த எழுத்தாலோ அளவாலோதான் அழுத்தம் தரவேண்டும்.

நிறத்திலும் கவனம் வேண்டும். இளம்பச்சைப் பின்னணியில் வெண்ணிற எழுத்து தேயிலைக்குப் பொருத்தமாகத் தோன்றும். ஆனால் முதியோர்க்கும் வெயிலில் நின்று பார்ப்போர்க்கும் அது தெரியாது. இணைய அணுகுமை நெறிமுறைகள், வழக்கமான அளவுடைய எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே ஒளிர்வு வேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 என்ற விகிதத்தில் இருக்கவேண்டும் என்கின்றன. இதனைக் கணக்கிடும் கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன.

விரைவும் வடிவமைப்பின் ஒரு கூறே. மலைச்சரிவில் அலைவரிசை எங்கும் ஒரே வலிமையுடன் கிடைப்பதில்லை. கைப்பேசியில் எடுத்த படம் ஒன்று 3 அல்லது 4 மெகாபைட் அளவு இருக்கும். அத்தகைய படங்கள் பத்தை அப்படியே ஏற்றினால், மலையடியில் நின்று தேடுபவர் பக்கம் திறப்பதற்குள் வேறிடம் போய்விடுவார். திரையின் அகலத்துக்குச் சுருக்கினால் அதே படம் 200 கிலோபைட்டுக்குள் அடங்கும். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. கைப்பேசித் திரையை முதலில் கருதிப் பக்கம் அமைத்து, பின் பெரிய திரைக்கு விரித்தல் நன்று.

6. நான்கு மொழிகளும் ஒரு பக்கமும்

மலேசியாவில் விற்பனைத் தளம் பன்மொழியில் அமைவது இயல்பு. மொழியை மாற்றும் பொத்தானுக்குப் பலர் கொடிகளை வைக்கின்றனர். தமிழுக்கு எந்தக் கொடியை வைப்பது? இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா எனப் பல நாட்டினர் பேசும் மொழிக்கு ஒரு நாட்டுக் கொடி பொருந்தாது. கொடி நாட்டைக் குறிப்பது, மொழியை அன்று. ஆகவே ஒவ்வொரு மொழியையும் அதன் சொந்த எழுத்தில், சொந்தப் பெயரால் குறிப்பதே முறை. தமிழ் என்பதைத் ‘தமிழ்’ என்றே எழுதவேண்டும். பொத்தானை அழுத்தியவர் தாம் படித்துக்கொண்டிருந்த அதே பக்கத்தின் தமிழ் வடிவத்துக்குச் செல்லவேண்டும். மீண்டும் முகப்புக்குத் துரத்தப்படலாகாது.

முகப்பில் ‘வணக்கம்’ என்று மட்டும் தமிழில் எழுதி, உள்ளே ஒரு சொல்லும் தமிழில் இல்லாத பக்கங்களும் உண்டு. அதனை மொழிப்பற்று என்று கொள்வதற்கில்லை. ஐந்து பக்கங்களையும் தமிழில் தர இயலாதாயின், விலை, அளவு, நேரம், வழி, திருப்பி அனுப்பும் முறை ஆகியவை அடங்கிய ஒரே பக்கத்தை முழுமையாகத் தமிழில் தருவது மேல்.

இணைய முகவரியிலும் தமிழ் நுழைந்துவிட்டது. .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் என்னும் நாட்டுப் பெயர்கள் தமிழெழுத்தில் ஏற்கப்பட்டுள்ளன. மலேசியாவுக்கு ஜாவி எழுத்தில் அத்தகைய பெயர் உண்டு, தமிழில் இல்லை. ஆதலின் இங்குள்ள விற்பனையாளர் ‘டாட் மை’ போன்ற முகவரியையே பெறுகின்றனர். எம்முகவரியாயினும் அது சொந்தமாக இருப்பது முக்கியம். ஷாப்பி, லஸாடா போன்ற பெருஞ்சந்தைத் தளங்களில் கடை வைப்பது விற்பனைக்கு உதவும். ஆனால் அங்கே பக்கத்தின் அமைப்பும் விதியும் மொழியும் சந்தை நடத்துவோர் கையில் உள்ளன. வாடகைக் கடையோடு சொந்த வீடும் இருப்பதுபோல, சிறியதாயினும் சொந்தத் தளம் ஒன்று இருத்தல் வேண்டும்.

7. சட்டமும் பொறுப்பும்

1999ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், 2012இல் மின்வணிகப் பரிவர்த்தனைக்கான ஒழுங்குவிதிகள் வகுக்கப்பட்டன. விற்பவரின் பெயர், பதிவெண், தொடர்பு முகவரி, பொருளின் முதன்மையான தன்மைகள், அஞ்சற்செலவும் வரியும் உட்பட்ட முழுவிலை, பணம் செலுத்தும் முறை, பொருள் சேரும் காலம் ஆகியவற்றை அவ்விதிகள் கேட்டன. முன்னர் நாம் கண்ட ஐந்து கேள்விகளையும் இப்பட்டியலையும் ஒப்பிட்டால், நல்ல வடிவமைப்பும் சட்டமும் ஒரே திசையில் செல்வது புலனாகும். விற்போர் அவ்வப்போது வரும் திருத்தங்களையும் அறிந்து ஒழுகவேண்டும்.

வாங்குவோரின் பெயர், முகவரி முதலியவற்றைப் பெறும் தளத்துக்கு 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும். அத்தரவு எதற்காகப் பெறப்படுகின்றது என்னும் அறிவிப்பைத் தேசிய மொழியிலும் ஆங்கிலத்திலும் தரவேண்டும் என்பது சட்டம். தமிழில் தரவேண்டும் என்று அது கூறவில்லை. இங்கு நாம் ஒன்றை எண்ணிப் பார்க்கவேண்டும். தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த ஒரு மூதாட்டி தம் பேரனின் கைப்பேசியில் தேயிலை வாங்கும்போது, எதற்கு உடன்படுகின்றார் என்பதை அறியும் உரிமை அவர்க்கும் உண்டு. சட்டம் கேளாத இடத்தில் தமிழ் தானாக வந்து நிற்காது. நாம் எழுதினால்தான் வரும்.

பீர் விற்கும் தளங்களுக்குப் பொறுப்பு இன்னும் மிகுதி. மலேசியாவில் மது வாங்குவதற்குரிய குறைந்த வயது 18 என்பதிலிருந்து 21 என 2017 டிசம்பரில் உயர்த்தப்பட்டது. மது அருந்துதல் உடல்நலத்துக்குத் தீங்கு விளைவிக்கலாம் என்னும் மலாய் வாசகமும் சிப்பத்தின்மீது இடம்பெறவேண்டும். பீர் நிறுவனங்களின் தளங்கள் வயதைக் கேட்டும், முஸ்லிம் அல்லாதோர்க்கே உரியது என அறிவித்தும்தான் உள்ளே விடுகின்றன. ஒரு பொத்தானை அழுத்திக் கடக்கும் இவ்வாயில் எவ்வளவு காக்கும் என்ற வினா நியாயமானதே. பொருளை ஒப்படைக்கும்போதும் வயதைச் சரிபார்த்தாலன்றி அது முழுமையாகாது.

தமிழர்க்கு இது வெறும் விதியன்று. தோட்டங்களில் கள்ளுக்கடை கூலியை விழுங்கிய காலம் நம் வரலாற்றில் உண்டு. 1946, 1947ஆம் ஆண்டுகளில் கெடாவில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளை எதிர்த்து மறியல் செய்தனர். அவ்வரலாற்றை அறிந்த சமுதாயம், பருகும் பொருள் எதையும் விற்கும் பக்கத்தில் உண்மை முழுமையாகச் சொல்லப்பட்டுள்ளதா என்று கேட்கும் உரிமை உடையது. தேயிலைக்கும் அவ்வுரிமை பொருந்தும். ‘நோய் தீர்க்கும்’, ‘எடை குறைக்கும்’ என்று சான்றின்றி எழுதுவது வடிவமைப்புக் குற்றமும் மொழிக் குற்றமும் ஆகும்.

8. வகுப்பறையில் செய்யத்தக்கவை

மேற்கூறியவற்றை ஆசிரியர்கள் பயிற்சியாக்கலாம். கணினி இல்லாத வகுப்பிலும் இவற்றுட் பெரும்பகுதியைத் தாளில் செய்ய முடியும்.

முதலாவதாக, மாணவர் தம் ஊரில் விளையும் அல்லது செய்யப்படும் ஒரு பொருளைத் தேர்ந்துகொள்ளட்டும்: தேயிலை, செம்புற்றுப்பழம், தேன், கீரை, முறுக்கு என எதுவாயினும் ஆகுக. அதனை வாங்க வருவோர் கேட்கும் கேள்விகளைக் கடைக்காரரிடமே சென்று கேட்டுத் தொகுக்கட்டும். அத்தொகுப்பே தளத்தின் உள்ளடக்கப் பட்டியல்.

இரண்டாவதாக, அப்பொருளுக்கு 50 சொற்களுக்கு மிகாத விளக்கம் எழுதட்டும். பின்னர், அவ்விளக்கத்தில் வேறொரு பொருளுக்கும் பொருந்தக்கூடிய அடைமொழிகளை எல்லாம் அடித்துவிட்டு, எஞ்சியதைப் படிக்கட்டும். எஞ்சியது எவ்வளவு என்பதே விளக்கத்தின் தரம்.

மூன்றாவதாக, தோட்டத்தில் வேலை செய்த பாட்டன் பாட்டியரிடம் தொழிற்சொற்களைக் கேட்டு எழுதி வரட்டும். கொழுந்து கிள்ளுவதற்கும் கவ்வாத்து வெட்டுவதற்கும் நிறுப்பதற்கும் அவர்கள் ஆண்ட சொற்கள் அகராதிகளில் முழுமையாக ஏறவில்லை. அவை ஒரு தேயிலைத் தளத்தின் ‘எம் தோட்டம்’ என்னும் பக்கத்தில் ஏறினால், அதுவே அச்சொற்களுக்கு ஒரு பதிவாகும்.

நான்காவதாக, கைப்பேசித் திரையின் அளவுக்குத் தாளை வெட்டி, முகப்பில் எது முதலில், எது அடுத்து என வரைந்து, அதை வகுப்புத் தோழர் ஒருவரிடம் கொடுத்து, ‘கடை எப்பொழுது திறக்கும்?’ என்று கேட்கட்டும். தோழர் தடுமாறினால், குறை தோழரிடம் இல்லை, தாளில் உள்ளது.

9. முடிவுரை

ஒரு மொழி பாடநூலிலும் மேடையிலும் மட்டும் வாழ்ந்து, கொடுக்கல் வாங்கலில் இருந்து விலகுமாயின், அதன் அன்றாடச் சொற்கள் ஒவ்வொன்றாக உதிரும். விலை, எடை, தரம், தவணை, உறுதி, திருப்பம் என்பன போன்ற சொற்கள் புழங்கும் இடம் கடை. கடை இன்று திரைக்கு வந்துவிட்டது. ஆகவே அச்சொற்களும் திரைக்கு வரவேண்டும். அதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. கேள்வியை அறிந்து விடை எழுதுதல், எழுத்தைப் படமாக்காதிருத்தல், மயங்காத சொல்லைத் தேர்தல், படத்தைச் சுருக்குதல், உண்மையை முழுமையாகக் கூறுதல் ஆகிய ஐந்தும் போதும். கோலா தெர்லாவில் தமிழ் படித்த ஒரு மாணவர், தம் ஊர்க் கடையொன்றுக்குப் பிழையற்ற ஒரு தமிழ்ப் பக்கத்தை எழுதிக் கொடுப்பாராயின், மலையில் கொழுந்து எடுத்த முன்னோரின் மொழி அம்மலையின் தேயிலையோடு வாங்குவோர் இல்லம் வரை செல்லும்.